குழந்தையின் காதும் தலையெழுத்தும்

(திருவாலங்காட்டில் நடைபெற்ற பெற்றோர் கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



இன்று எனக்குக் கொடுக்கப்பட்டிருக்கும் விஷயம் "வீட்டில் குழந்தைகளுக்குப் புத்தகம் படித்துக் காட்டுவதால் உண்டாகும் நன்மை" என்பதாகும். இதைக் கேட்டதும் உங்களில் சிலர், "இவர் வழக்கமாகச் சாமியையும் சாதியையும் சடங்கையும் பற்றிப் பேசுகிறவராயிற்றே, இன்றைக்கு வாத்தியார் வேலைக்கு வந்துவிட்டாரே" என்று நினைக்கக்கூடும். நான் வேலையை மாற்றிக்கொள்ளவில்லை. சாமியும் சாதியும் சடங்கும் நம்முடைய தலைக்குள் எந்த வழியாகப் புகுந்தன என்று பார்த்தால், நமக்கு எழுத்துத் தெரிவதற்கு முன்னாலேயே காது வழியாகப் புகுந்தன. ஆகவே அறிவும் அந்த வழியாகவே புக வேண்டியிருக்கிறது. அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

சற்று முன் நான் ரயிலடியிலிருந்து வரும்போது, இடுப்பில் குழந்தையோடு ஓர் அம்மாள் என்னிடம் வந்து, "ஐயா, என் பெரிய பையன் மூன்றாவது படிக்கிறான். ஒன்றும் ஏறவில்லை. வாத்தியார் மக்கு என்கிறார். விஜயதசமியன்று ஐயரை வைத்து அரிசியில் எழுத வைத்தேன், திருத்தணி மலைக்குப் போய் மொட்டையும் போட்டேன். அவன் தலையெழுத்து அப்படி இருந்தால் நான் என்ன செய்வேன்?" என்று கேட்டார்கள். "வீட்டில் அவனுக்கு யாராவது ஒரு புத்தகத்தைப் படித்துக் காட்டியதுண்டா, அம்மா?" என்று கேட்டேன். "நான் கைநாட்டு, ஐயா. அவன் அப்பாவுக்கு வேலையிலிருந்து வந்தால் தூக்கம்" என்று சொன்னார்கள்.

தோழர்களே! நான் இன்று பேசப் போவதெல்லாம் அந்த அம்மாளுக்குச் சொல்லும் பதில்தான். அந்தப் பையனுடைய தலையில் யாரும் எதையும் எழுதி வைக்கவில்லை. அவனுடைய காதில் விழ வேண்டியது விழவில்லை. குறை அவ்வளவே.

எப்படி என்று பாருங்கள். நம் வீட்டில் பேசுகிற தமிழ் ஒன்று, புத்தகத்தில் இருக்கிற தமிழ் ஒன்று. வீட்டில் "அவங்க வந்தாங்க, சாப்ட்டுட்டுப் போயிட்டாங்க" என்கிறோம். புத்தகம் "அவர்கள் வந்தார்கள், சாப்பிட்டுவிட்டுச் சென்றார்கள்" என்கிறது. நமக்கு இரண்டும் ஒன்றாகத் தோன்றுகிறது. ஐந்து வயதுக் குழந்தைக்கு அப்படியல்ல. அதற்கு "சென்றார்கள்" என்பதே காதில் விழாத சொல். எழுத்தைக் கூட்டி "செ-ன்-றா-ர்-க-ள்" என்று படித்து முடித்த பிறகும், அது என்ன சொல் என்று அதற்குத் தெரிவதில்லை. ஏனெனில், படிப்பது என்பது எழுத்தைக் கூட்டிக் காதுக்குப் பழகின சொல்லைக் கண்டுபிடிப்பதுதான். காதுக்குப் பழகாத சொல்லைக் கண் எப்படிக் கண்டுபிடிக்கும்?

புத்தகம் புழங்குகிற வீட்டுப் பிள்ளை பள்ளிக்கூடத்துக்குப் போகும் முன்பே "சென்றார்கள், கூறினான், மிகுந்த, ஆகையால்" என்பவற்றையெல்லாம் ஆயிரம் தடவை கேட்டுவிடுகிறது. நம் வீட்டுப் பிள்ளை முதல் தடவையாக அதை வாத்தியாரிடம் கேட்கிறது. ஒரு பிள்ளை ஐந்து வருஷம் முன்னதாகவே ஓடத் தொடங்கிவிட்டது, மற்றொன்று இன்றுதான் நிற்கிறது. இரண்டையும் ஒரே கோட்டில் நிறுத்தி ஓடவிட்டு, முந்தியதைப் புத்திசாலி என்றும் பிந்தியதை மக்கு என்றும் சொன்னால், அது நியாயமான பந்தயமாகுமா? அந்த ஐந்து வருஷத்து வித்தியாசத்துக்குத்தான் நாம் "தலையெழுத்து" என்று பேர் வைத்திருக்கிறோம்.

இந்த வித்தியாசம் தானாக வந்ததென்று நினைத்துவிடாதீர்கள். கௌதமருடைய தர்ம சூத்திரம் என்று ஒரு நூல் இருக்கிறது. சூத்திரன் வேதத்தைக் காது கொடுத்துக் கேட்டால், அவன் காதில் ஈயத்தையும் அரக்கையும் காய்ச்சி ஊற்ற வேண்டும் என்று அதில் விதித்திருக்கிறது. இதை எங்கள் மேடைகளில் எத்தனையோ தடவை கேட்டிருப்பீர்கள். ஆனால் ஒன்றை யோசித்தீர்களா? படித்தவனுடைய கண்ணைப் பிடுங்கு என்று அது ஆரம்பிக்கவில்லை. கேட்டவனுடைய காதை அடை என்று ஆரம்பிக்கிறது. ஏன்? அந்தக் காலத்தில் கல்வி முழுவதும் கேள்வியாகவே இருந்தது. ஒருவன் கேட்டுவிட்டால் அவன் அறிந்தவனாகிவிடுவான் என்பது அதை எழுதியவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. காதின் மதிப்பை நம்மைவிட நம்மை அடக்கினவர்கள் அதிகமாகத் தெரிந்து வைத்திருந்தார்கள்!

வள்ளுவரும் இதைத் தெரிந்தவர்தான். ஆனால் அவர் கதவைத் திறக்கிற பக்கத்தில் நின்றார். கல்வி, கல்லாமை என்ற இரண்டு அதிகாரங்களை அடுத்து 42-வது அதிகாரமாகக் "கேள்வி" என்று வைத்து, படிக்காதவனுங்கூடக் கேட்டு அறிந்துகொள்ளட்டும், அது அவனுக்குத் துணையாகும் என்ற கருத்தை அதில் சொல்லியிருக்கிறார்.

இதே சங்கதியை உலகத்தின் மற்றொரு மூலையில் பாருங்கள். கியூபா தேசத்தில் ஹவானா நகரத்துச் சுருட்டுத் தொழிற்சாலையில் 1865-ல் தொழிலாளர்கள் ஓர் ஏற்பாடு செய்தார்கள். தங்கள் கூலியிலிருந்தே காசு போட்டு, தாங்கள் சுருட்டுச் சுற்றும்போது பத்திரிகையும் புத்தகமும் உரக்கப் படிப்பதற்கு ஓர் ஆளை அமர்த்திக்கொண்டார்கள். மறு வருஷமே அங்கிருந்த அரசாங்கம் அதற்குத் தடை போட்டது. கைக்குத்தான் வேலை, காதுக்கு ஒன்றும் வேலையில்லையே, கேட்டுவிட்டுப் போகட்டுமே என்று ஏன் விடவில்லை? கேட்கிறவன் கேள்வியும் கேட்பான் என்று பயந்தார்கள். கேரளத்தில் கண்ணூர்ப் பீடித் தொழிலாளர்களும் இதையே செய்தார்கள். ஒருவர் படிக்க, அவர் பங்குப் பீடியை மற்றவர்கள் சுற்றிக் கொடுத்தார்கள்.

நம்முடைய இயக்கத்தின் கதையும் இதுதான். 1925 மே 2-ந் தேதி ஈரோட்டில் "குடி அரசு" தோன்றியது. 1931 ஜனக்கணக்கின்படி இந்தியாவில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் நூற்றுக்குப் பத்துப் பேருக்கும் குறைவு. அப்படியானால் பத்திரிகை எப்படிப் பரவியது? டீக்கடையிலும் சவரக்கடையிலும் ஒருவர் உரக்கப் படிக்க, எழுத்துத் தெரியாத பத்துப் பேர் சுற்றி உட்கார்ந்து கேட்டார்கள். டீக்கடையில் பெரியவர்களுக்கு நடந்த அந்தக் காரியம் வீட்டுத் திண்ணையில் குழந்தைகளுக்கும் நடக்க வேண்டுமென்பதுதான் என்னுடைய வேண்டுகோள்.

"நாங்கள் வாசிக்காமலா இருக்கிறோம்? ஊரில் பாரதம் வாசிக்கவில்லையா?" என்று பெரியோர்கள் கேட்கலாம். உண்மைதான். மழை இல்லாவிட்டால் விராட பருவம் வாசிக்கிற வழக்கம் நம் நாட்டில் உண்டு. மேகத்துக்குக் காது கிடையாது. காதில்லாத மேகத்துக்கு விடிய விடிய வாசிக்கிறோம், இரண்டு காதோடு மடியில் உட்கார்ந்திருக்கிற குழந்தைக்குக் கால்மணி நேரம் வாசிக்க நமக்குத் தோன்றுவதில்லை.

இனி, இதற்கு ஆதாரம் என்ன என்று கேட்பீர்கள். கேட்க வேண்டியதுதான்.

1986-ல் அமெரிக்காவில் ஒரு பரிசோதனை செய்தார்கள். கர்ப்பிணித் தாய்மார்கள் கடைசி ஆறு வாரம் தினமும் ஒரே கதையை உரக்கப் படித்தார்கள். குழந்தை பிறந்ததும், அந்தக் கதையையும் வேறொரு கதையையும் ஒலிக்கவிட்டு, அது பால் காம்பைச் சப்பும் விதத்தைக் கொண்டு எதை விரும்புகிறது என்று கவனித்தார்கள். வயிற்றிலிருந்தபோது கேட்ட கதையையே அது விரும்பிற்று. உடனே ஒருவர் எழுந்து, "பார்த்தீர்களா! அபிமன்யு வயிற்றிலேயே சக்கர வியூகத்தைக் கேட்டான் என்று நம் பாரதம் சொன்னது மெய்யாகிவிட்டது" என்பார். அவசரப்பட வேண்டாம். அந்தக் குழந்தைக்குக் கதையின் பொருள் ஒன்றும் தெரியாது. வார்த்தைகளின் ஏற்ற இறக்கமும் தாளமும் பழகியிருந்தன, அவ்வளவுதான். யுத்த தந்திரம் கற்றுக்கொண்டு பிறந்த குழந்தையை யாரும் கண்டதில்லை. ஆனால் காது அவ்வளவு சீக்கிரம் வேலையைத் தொடங்கிவிடுகிறது என்பது நமக்கு வேண்டிய உண்மை.

இரண்டாவது. "செல்போனில் பாட்டும் கதையும் வருகிறதே, அதைக் கையில் கொடுத்தால் போதாதா?" என்பது இப்போது எல்லா வீட்டிலும் இருக்கிற எண்ணம். 2003-ல் வெளியான ஒரு பரிசோதனையில், ஒன்பது மாதத்து அமெரிக்கக் குழந்தைகளுக்குச் சீன மொழி பேசுகிறவர்கள் நேரில் உட்கார்ந்து புத்தகம் படித்துக் காட்டி, பொம்மை வைத்து விளையாடினார்கள். அந்தக் குழந்தைகள் சீன மொழியின் ஒலிகளைப் பிரித்தறியக் கற்றுக்கொண்டன. வேறு சில குழந்தைகளுக்கு அதையே திரைப்படமாகக் காட்டினார்கள். அவை ஒன்றும் கற்கவில்லை. ஒலி ஒன்றுதான், ஆள்தான் இல்லை. குழந்தை ஒலியை மட்டும் கேட்பதில்லை. சொல்லுகிறவருடைய முகத்தைப் பார்க்கிறது, அவர் கண் போகிற இடத்தைப் பார்க்கிறது, தான் சிரித்தால் அவர் சிரிக்கிறாரா என்று பார்க்கிறது. செல்போன் அதைப் பார்த்துச் சிரிக்குமா?

மூன்றாவதுதான் நமக்கு முக்கியமானது. 1988-ல் அமெரிக்காவில் இரண்டு, மூன்று வயதுக் குழந்தைகளின் பெற்றோர்களை இரண்டு பிரிவாக்கினார்கள். இரு பிரிவினரும் படித்துக் காட்டியவர்கள்தான். ஆனால் ஒரு பிரிவுக்கு மட்டும், இடையிடையே நிறுத்தி, "இது என்ன? இவன் ஏன் அழுகிறான்? இனி என்ன நடக்கும்?" என்று கேட்டு, குழந்தை சொல்வதைக் காது கொடுத்துக் கேட்கும்படி சொல்லிக் கொடுத்தார்கள். ஒரே மாதத்தில் அந்தக் குழந்தைகள் பேச்சில் மற்றவர்களை மிஞ்சிவிட்டன. 2014-ல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கமே, கைக்குழந்தைப் பருவத்திலிருந்தே படித்துக் காட்டும்படி பெற்றோர்களுக்குச் சொல்ல வேண்டும் என்று தன் மருத்துவர்களுக்கு அறிவித்திருக்கிறது.

இந்த மூன்றாவது விஷயத்திலேதான் பகுத்தறிவு இருக்கிறது. வாயை மூடிக்கொண்டு கேள் என்பது பிரசங்கம். நிறுத்தி, நீ என்ன நினைக்கிறாய் என்று கேட்பது கல்வி. இந்த ஊருக்குப் பக்கத்துப் பழையனூர் நீலி கதை உங்களுக்கெல்லாம் தெரியும். சோறு உண்ணாத பிள்ளையை "நீலி வருவாள்" என்று பயமுறுத்துகிறோம். கதையை அடியோடு விட்டுவிட வேண்டுமென்று நான் சொல்லவில்லை. எட்டு, பத்து வயதுப் பிள்ளையிடம் அதை முழுவதும் சொல்லுங்கள், பிறகு நிறுத்திக் கேளுங்கள்: "நீலியை முற்பிறப்பில் கொன்றது யார்? அவளுடைய கணவன். அப்படியானால் முதலில் தப்புச் செய்தது யார்? கொன்றவனைப் பற்றிப் பயப்படாத ஊர் கொல்லப்பட்டவளைப் பற்றி ஏன் பயப்படுகிறது? பேயை நேரில் பார்த்தவர் யாராவது உண்டா? இந்தக் கதையை முதலில் சொன்னவருக்கு அது எப்படித் தெரிந்தது?" இந்தக் கேள்விகளைக் கேட்டுப் பழகின பிள்ளையை எந்த மந்திரவாதியும் ஏமாற்ற முடியாது, எந்த அரசியல்வாதியும் ஏமாற்ற முடியாது.

நிற்க. அந்த அம்மாள் சொன்ன "நான் கைநாட்டு" என்பதற்குப் பதில் சொல்லாமல் போனால், நான் பேசியதெல்லாம் படித்த வீட்டுக்குச் சொன்ன உபதேசமாகிவிடும். இதற்கு என் சொந்த அனுபவத்தைச் சொல்லுகிறேன்.

என் தகப்பனார் தறி நெய்தவர். அவருக்குக் கையெழுத்துக்கூடப் போடத் தெரியாது. என்னையும் பள்ளிக்கூடத்தில் மக்கு என்றுதான் சொன்னார்கள், எட்டாவதோடு நின்றுவிட்டேன். என் தகப்பனார் பக்கத்து டீக்கடையிலிருந்து முதல் நாள் பத்திரிகையைக் கேட்டு வாங்கி வருவார். அவர் தறிக்குழியில் உட்கார்ந்து நெய்ய, நான் பக்கத்தில் உட்கார்ந்து அதைப் படிக்க வேண்டும். தறிச் சத்தத்துக்கு மேல் கேட்கும்படி படிக்க வேண்டும். புரியாத சொல் வந்தால் தறியை நிறுத்திவிட்டு, "அப்படின்னா இன்னாடா?" என்பார். எனக்கும் தெரியாது. மறுநாள் யாரையாவது கேட்டுக்கொண்டு வந்து சொல்ல வேண்டும். "பட்ஜெட்" என்றால் என்ன என்று தெரிந்துகொள்ள நான் மூன்று பேரிடம் அலைந்திருக்கிறேன். அவர் தறி நிற்கிற ஒவ்வொரு நிமிஷமும் கூலியில் குறையும் என்பது பின்னாளில்தான் எனக்குப் புரிந்தது. நான் இன்று உங்கள் முன் நின்று நாலு வார்த்தை பேசுகிறேனென்றால், அது எழுத்துத் தெரியாத அந்த மனிதர் தறியை நிறுத்திக் கேட்ட கேள்வியால்தான்.

ஆகவே, எழுத்துத் தெரியாத தாய்மார்களே! உங்களுக்குப் படிக்கத் தெரிய வேண்டாம், கேட்கத் தெரிந்தால் போதும். பெரிய பிள்ளையைச் சின்னப் பிள்ளைக்குப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். நீங்கள் கீரை ஆய்ந்துகொண்டே கேளுங்கள். "அப்புறம் என்ன ஆச்சு?" என்று கேளுங்கள். படக்கதைப் புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு, படத்தைப் பார்த்து உங்கள் மனதில் தோன்றுகிற கதையைச் சொல்லுங்கள். அதில் தப்பு என்று ஒன்று கிடையாது. தெருவில் படித்த பெண் ஒருத்தி இருந்தால், மாலையில் பத்துப் பிள்ளைகளைச் சேர்த்து உட்கார வைத்து அவளைப் படிக்கச் சொல்லுங்கள்.

தகப்பன்மார்களுக்கும் ஒரு வார்த்தை. பிள்ளைக்குப் படித்துக் காட்டுவது பெண்பிள்ளை வேலை என்று ஒதுங்க வேண்டாம். பையனுக்கு மட்டும் புத்தகம், பெண்ணுக்கு விளக்குமாறு என்றும் வைக்க வேண்டாம். காரைக்கால் அம்மையார் என்ற ஒரு பெண் பாடியதைச் சொல்லித்தான் இந்த ஊருக்கே பெருமை பேசுகிறோம். ஆயிரம் வருஷத்துக்கு மேலாக ஒரு பெண் எழுதியதைக் கொண்டாடுகிற ஊரில், இன்றைக்கு ஒரு பெண் "நான் கைநாட்டு" என்று சொல்லிக்கொண்டு நிற்கலாமா?

எந்த மொழியில் படிப்பது என்பது இந்தப் பக்கத்தில் முக்கியமான கேள்வி. திருத்தணி வட்டாரம் 1960 ஏப்ரல் 1-ந் தேதிதான் ஆந்திரத்திலிருந்து சென்னை ராஜ்யத்துக்கு வந்தது. இன்றும் தெலுங்கு பேசுகிற வீடுகள் இங்கே ஏராளம். அந்த வீட்டுத் தாய்மார்கள் தெலுங்கிலே கதை சொல்லட்டும், தெலுங்கிலே கேள்வி கேட்கட்டும். ஒரு மொழியில் யோசிக்கப் பழகின பிள்ளை தமிழையும் பிடித்துக்கொள்ளும், இங்கிலீஷையும் பிடித்துக்கொள்ளும். "எல்.கே.ஜி. போகிறான், வீட்டில் இங்கிலீஷ்தான் பேச வேண்டும்" என்று சொல்லிக்கொண்டு, தெரியாத மொழியில் இரண்டு வார்த்தையோடு தாய் ஊமையாகிவிடுகிறாளே, அதைவிடக் கெடுதல் பிள்ளைக்கு வேறில்லை.

புத்தகத்துக்கு எங்கே போவது? 1948-ல் நம் மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்தது. சுதந்திர இந்தியாவில் இதுதான் முதலாவது. அதன்படி வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்த்து வசூலிக்க வழி செய்யப்பட்டது. வரி கொடுக்கிறவர்களுக்குப் புத்தகம் கேட்க உரிமை இல்லையா? நூலகம் பூட்டிக் கிடந்தால், கோயில் கதவு பூட்டிக் கிடந்தால் எப்படிக் கூச்சல் போடுவீர்களோ, அப்படிக் கூச்சல் போடுங்கள். பெரியசாமித் தூரன் அவர்கள் 1968 முதல் 1976 வரை பாடுபட்டுப் பத்துத் தொகுதிகளாகக் குழந்தைகள் கலைக்களஞ்சியம் கொண்டுவந்தார். அது இருக்கிறதா என்று கேளுங்கள். அரசாங்கப் பள்ளிகளில் "வாசிப்பு இயக்கம்" என்று சிறு சிறு கதைப் புத்தகங்களை நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படியாகப் பிரித்துக் கொடுத்தார்கள். அவை பீரோவில் தூங்காமல் வீட்டுக்கு வர வேண்டும் என்று வாத்தியாரிடம் கேளுங்கள்.

எப்படிப் படிப்பது? தினமும் ஒரே நேரத்தில் கால்மணி நேரம் போதும். குழந்தையை மடியிலோ பக்கத்திலோ வைத்துக்கொண்டு, எழுத்தின் மேல் விரலை ஓட்டிப் படியுங்கள். ஒரே கதையைப் பத்துத் தடவை கேட்டால், பத்துத் தடவையும் அலுக்காமல் படியுங்கள். மறுபடி மறுபடி கேட்டுத்தான் அது சொல்லைத் தனதாக்கிக்கொள்கிறது. முடிந்ததும் பரீட்சை வைக்காதீர்கள், தப்புச் சொன்னால் அடிக்காதீர்கள். அடிபட்ட இடத்துக்குப் பிள்ளை மறுபடி வராது, புத்தகத்திடமும் வராது.

இது ஒன்றினாலேயே எல்லாம் தீர்ந்துவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. வயிறு காய்ந்த பிள்ளைக்குக் கதை ஏறாது. வாத்தியார் இல்லாத பள்ளிக்கூடத்துக்கு நம் திண்ணை ஈடாகாது. அவற்றுக்காக நாம் சர்க்காரிடம் சண்டை போட வேண்டியதுதான். ஆனால் இந்தக் கால்மணி நேரத்துக்கு யாருடைய உத்தரவும் வேண்டியதில்லை. தட்சணை இல்லை, நல்ல நேரம் பார்க்க வேண்டியதில்லை, தீட்டு இல்லை.

திருத்தணி மலைக்கு வருஷத்து நாளுக்கு ஒன்றாக 365 படி என்கிறார்கள். டிசம்பர் 31 இரவு படிக்குப் படி பூசை போட்டுக்கொண்டு ஏறுகிறார்கள். ஒரு ராத்திரியில் 365 படியையும் ஏறி இறங்கினவன், மறுநாள் காலையில் ஏறுவதற்கு முன் இருந்த அதே ஆளாகத்தான் இருக்கிறான். ஒரு நாளைக்கு ஒரு பக்கம் வீதம் 365 பக்கத்தைத் தன் பிள்ளைக்குப் படித்துக் காட்டினவனுடைய வீட்டில், வருஷக் கடைசியில் அதே பிள்ளை இருக்காது. வேறொரு பிள்ளை இருக்கும். இரண்டில் எது பிரயோஜனமான படி என்பதை நீங்களே தீர்மானம் செய்துகொள்ளுங்கள்.

அம்மா! அதோ பின்னால் குழந்தையோடு நிற்கிறீர்களே, உங்களுக்குத்தான் கடைசி வார்த்தை. உங்கள் மகன் மக்கு அல்ல. இன்று இரவு சோறு போட்டுவிட்டு, அவனுடைய தமிழ்ப் பாடப் புத்தகத்தை எடுத்து வரச் சொல்லி, "எனக்குப் படிக்கத் தெரியாதுடா, நீ படித்துக் காட்டு" என்று கேட்டுப் பாருங்கள். திக்கித் திக்கித்தான் படிப்பான். பொறுமையாயிருங்கள். இடுப்பில் இருக்கிற சின்னதும் பக்கத்தில் இருந்து கேட்கட்டும். ஒரு வருஷம் கழித்து நான் மறுபடி இந்த ஊருக்கு வருகிறேன். அப்போதும் அவனுடைய தலையெழுத்து மாறவில்லையென்றால், நான் பேசியது பொய் என்று இதே மேடையில் ஏறிச் சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன்.

தோழர்களே! நான் சொன்னேன் என்பதற்காக எதையும் நம்பிவிடாதீர்கள். வீட்டில் ஒரு மாதம் செய்து பாருங்கள். உங்கள் கண்ணுக்கும் புத்திக்கும் சரியென்று பட்டால் அடுத்த வீட்டுக்கும் சொல்லுங்கள்.